ஹத்தாவுக்கு எந்தக் கலர்

துபாய் தேராவில் ஒரு டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னதைச் சுஐபு காதில் வாங்கி வந்திருந்தார். எந்த மேப்பாக இருந்தாலும் நாலே கலர் போதுமாம், பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கு ஒரே கலர் வராதாம். அமெரிக்காவில் கம்ப்யூட்டரை வைத்தே நிரூபித்துவிட்டார்களாம்.

“அப்ப அஞ்சாறு ஸ்கிரீன் எதுக்குப்பா? நாலோட முடி. மேப் டெலிவரி ஆகட்டும், பாஸ்போர்ட்டைக் கையில தர்றேன். வெள்ளிக்கிழமை பறந்துடு.”

கார்மேகத்துக்குப் பாதி உயிர் வந்தது. அல் கூஸில் சுஐபின் அச்சகத்தில் கலருக்கு ஒரு ஸ்கிரீன் வைத்து அச்சடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஒரு கலர் குறைந்தால் அது காயக் காத்திருக்கும் நேரமும் மிச்சம். ஊரில் மனைவி மாரியம்மாளுக்கு நாள் நெருங்கிவிட்டது. மூத்த பிள்ளை பிறந்ததையும் அவன் பார்க்கவில்லை, மண்ணுக்குள் வைத்ததையும் பார்க்கவில்லை. “இந்தத் தடவை நீங்க பக்கத்துல இருக்கணும், அம்புட்டுத்தான்” என்றிருந்தாள்.

பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிற அமீரக மேப் அது. ஒட்டிக் கிடந்த எந்த இரண்டு துண்டுக்கும் ஒரே கலர் வராமல் அவனே பார்த்துப் பார்த்துப் பிரித்தான். நாலில் அடங்கியது. அத்தனை தாளையும் அடித்துக் காயவைத்தான்.

ஆர்டர் கொடுத்த அனந்தகிருஷ்ணன் வந்து பார்த்தார். மலைப் பக்கம் விரலை வைத்தார்.

“ஹத்தா துபாயோடதுதானே? துபாய் மஞ்சள், இது மட்டும் ஏன் பச்சை?”

“நாலு கலர் போதும்னு சொன்னாக சார்.”

“போதும்தான், ஒவ்வொண்ணும் ஒரே துண்டா இருந்தா. இங்க துபாய்க்கு ஒரு துண்டு மலைக்குள்ள, அஜ்மானுக்கு ஒண்ணு அது பக்கத்துல. பிரிஞ்சு கிடந்தா அந்தக் கணக்கு செல்லாதுங்க.”

கார்மேகம் பென்சிலை எடுத்தான். ஹத்தாவை மஞ்சளாக்கினால், ஒட்டிய அஜ்மான் துண்டான மஸ்ஃபூத்தும் ஏற்கெனவே மஞ்சள். அதை மாற்றினால் அஜ்மானையும் மாற்ற வேண்டும். அது போய் ஷார்ஜாவில் இடித்தது. எப்படிப் போட்டாலும் ஐந்தாவது கலர் கேட்டது. முதலிலிருந்து எல்லாம் அடிக்க வேண்டும்.

சுஐபிடம் போனான். “பாய், தப்பு என்னோடதுதான். ஊருக்குப் போயிட்டு வந்து அடிச்சுத் தந்துர்றேன்.”

“ஸ்கூல் திறக்கப்போவுது. நீ போயிட்டா யாருப்பா அடிக்கிறது? கலாஸ், பேச்சு முடிஞ்சுது, டிக்கெட்டைத் தள்ளிப் போடு.” சுஐபு அவன் முகத்தைப் பார்க்காமலே பாஸ்போர்ட் இருந்த டிராயரைப் பூட்டினார்.

மாரியம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்று மைத்துனன் அன்பரசன் காலையில்தான் சொல்லியிருந்தான். கார்மேகம் வெளியே வந்து அவன் செல்லுக்குப் போட்டான். வரமுடியாது என்பதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். இப்போது யாராவது எடுத்தால் போதும், என்ன வேண்டுமானாலும் திட்டட்டும் என்றிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.