யாரும் வரக்கூடாத முகாம்

பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போவதில் எனக்குப் பயமே கிடையாது. அட்டை கடிக்கும், உப்பு வைத்தால் விழுந்துவிடும். மழை பெய்யும், பிறகு நின்றுவிடும். எனக்குப் பயமெல்லாம் பெற்றோர்களிடம்தான். இந்த வருட முகாமில் நான் ஓடையைப் பார்த்ததைவிட ரோட்டைப் பார்த்ததுதான் அதிகம்.

சிங்கப்பூருக்கு இக்கரையில், உலு திராம் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகளை ஓர் இரவு முகாமுக்கு அழைத்துப் போவோம். பெக்கான் நானாசைத் தாண்டி, அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே, ஓடை ஓடும் ஓர் இடம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையைக் கடக்க வேண்டும், கூடாரம் அடிக்க வேண்டும், சாயங்காலம் குழுவாகச் சேர்ந்து சொந்தமாகச் சோறு பொங்க வேண்டும். வீட்டில் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத பிள்ளை, தான் பொங்கிய சோற்றை இறக்கி வைக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம் படுகிறேன்.

போன வருடம் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. உலை கொதிக்கும் முன்பே முதல் கார் வந்துவிட்டது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தோம் டீச்சர். அப்படியே எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு."

ஒரு மணி நேரத்துக்கு மேல் காரோட்டி, உலு திராமிலிருந்து பெக்கான் நானாசுக்குச் சும்மா வருகிறவர்களை நான் அதுவரை கண்டதில்லை. அவர்களுக்குப் பின்னால் இன்னொரு கார், அதற்குப் பின்னால் ஒரு வேன். கோழி வறுவல், இடியாப்பம், ஐஸ் பெட்டியில் சிராப் தண்ணீர். பொழுது சாய்வதற்குள் முகாம் கோயில் அன்னதானம் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு அவரவர் அம்மாவோடு போய் ஒட்டிக்கொண்டார்கள்.

ஒருத்தி மட்டும் கேட் பக்கத்தில் நின்றாள். அப்போது நான்காம் ஆண்டு. முகம் கழுவி, பவுடர் போட்டு, பையிலிருந்த நல்ல சட்டையை மாற்றிக்கொண்டு நின்றாள். அவள் அம்மாவுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். அப்பா லாரியோடு வடக்கே போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கார் வெளிச்சத்துக்கும் அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். கடைசியில் வேறொரு தாய் கொடுத்த தட்டை வாங்கி, "தேங்க்யூ ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதனால்தான் இந்த வருடம் சட்டம் போட்டேன்: முகாமுக்குப் பெற்றோர் யாரும் வரக்கூடாது, சாப்பாடும் அனுப்பக்கூடாது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை ஊர் வாயில் விழும். "கல்யாணம் ஆகாத டீச்சர்தானே, பிள்ளையோட அருமை எங்க தெரியப்போகுது" என்று ஒரு தாய் என் காதில் விழும்படியே சொன்னார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது பள்ளிக்கே தெரியும். அன்றைக்கு விழுங்கிக்கொண்டேன். தலைமையாசிரியர்கூட, "கொஞ்சம் விட்டுப் புடிங்க டீச்சர்" என்றார். நான் விடுவதாக இல்லை.

முகாமுக்கு முந்திய வாரங்களில் என் வகுப்பறை வகுப்பறையாகவே இல்லை. மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் கூடாரம் அடித்துப் பழகினோம். நாற்காலிக் கால்களில் கயிறு கட்டி முடிச்சுப் போடப் படித்தோம். ஒரு வாலுப் பையன் என் நாற்காலியை மேசையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, எப்படி அவிழ்ப்பது என்பதை மட்டும் மறந்துவிட்டான். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் கரி அடுப்பு மூட்டினோம். அரிசிக்கு மேல் ஒரு விரல்கணு அளவு தண்ணீர் என்று நான் சொன்னதும், போன வருடம் கேட் பக்கத்தில் நின்ற, இப்போது ஐந்தாம் ஆண்டுக்கு வந்துவிட்ட அவள் கை தூக்கினாள்.

"யாரு விரல் டீச்சர்? உங்க விரலா, எங்க விரலா?"

"பொங்குறது நீதானே, உன் விரல்தான்" என்றேன். அவள் தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அதற்குள் இன்னொரு பக்கம் கூடாரம் சரிந்தது. கணக்குப் பாடத்தில்கூட ஒருவருக்கும் உட்கார முடியவில்லை, எனக்கும்தான்.

முகாம் அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முகாமை நடத்திய மலாய் இளைஞரைப் பிள்ளைகள் அண்ணன் என்ற பொருளில் அபாங், அபாங் என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவர் ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்து ஓடையைக் கடக்க வைத்தார். அவள் பாதி வழியில், இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைப் பார்த்துக் கையாட்டியிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. ரோட்டில் ஏதோ சத்தம் கேட்டது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்னாசி ஏற்றிய லாரி அது. குட்டி போட்ட பூனை மாதிரி கேட்டுக்கும் கூடாரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "சிக்கு, சந்தாய் லா" என்று அபாங் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். டீச்சர், கொஞ்சம் நிதானமாக உட்காருங்கள் என்கிறார். உட்கார்ந்தேன், உடனே எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் அடுப்பு மூட்டினார்கள். புகை கண்ணைக் கரித்தது, எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், விசிறினார்கள், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரைக் கொட்டினார்கள். ஒரு காரும் வரவில்லை. பெற்றோர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று நான் நம்ப ஆரம்பித்த நேரத்தில்தான் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து கேட்டருகே நின்றது.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறக்குறைய ஓடினேன். வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் என் கால் அப்படியே நின்றுவிட்டது. அவளுடைய அம்மா. தொழிற்சாலைச் சட்டை, கழுத்தில் பாஸ்போர்ட் பை, வண்டியின் முன்கொக்கியில் கனத்துத் தொங்கும் பிளாஸ்டிக் பை.

"யாரும் வரக்கூடாதுன்னு குரூப்ல போட்டிருந்தேனேம்மா" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பார்த்தேன் டீச்சர். தெரிஞ்சுதான் வந்தேன்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "போன வருஷம் எல்லா அம்மாவும் வந்தாங்களாம். பக்கத்து வீட்டுல இப்பதான் சொன்னாங்க. இவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல டீச்சர். ஏன் வரலன்னு கேக்கவும் இல்ல. அதான் மனசு தாங்கல. சூப்பர்வைசர் கையில கால்ல விழுந்து அரை நாள் லீவு வாங்கினேன். பாலத்துல சரியான ஜாம்."

அவர் கொக்கியிலிருந்த பையைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

"உள்ள வரல டீச்சர். இங்கயே நின்னு, தூரமா பார்த்துட்டுப் போயிடுறேன். இது மீகூன். பாலம் தாண்டி ஜே.பி. டவுன்ல வாங்கினது. எல்லாப் பிள்ளைங்களுக்கும்தான்."

யாருக்காகச் சட்டம் போட்டேனோ, அவளுடைய அம்மாவைத்தான் அது கேட்டுக்கு வெளியே நிறுத்தியது. உள்ளே விட்டால், என் பேச்சை மதித்து வீட்டில் தவித்துக்கொண்டிருக்கிற மற்ற தாய்மாருக்கு நான் என்ன பதில் சொல்வது? போகச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு சாயங்காலம் மறுபடி எப்போது கிடைக்கும்? கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திறக்கவும் மனமில்லை, கையை எடுக்கவும் மனமில்லை.

அதற்குள் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அடுப்புகளை விட்டுவிட்டு ஒரு கூட்டமே ஓடிவந்தது. அவளும் வந்தாள், ஓடாமல் நடந்து வந்தாள். கன்னத்தில் கரி, கையில் கரண்டி. அம்மாவைப் பார்த்ததும் சிரிக்கப் போனவள், என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

என் நாற்காலியைக் கட்டிவைத்தானே, அந்த வாலுப் பையன், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நியாயம் கேட்டான்.

"டீச்சர், எங்கம்மாவ மட்டும் வரக்கூடாதுன்னீங்க. இவங்கம்மாவுக்கு மட்டும் எப்பவும் ஸ்பெஷலா? போன வருஷமும் நாங்கல்லாம் தூங்கினப்புறம் தனியா வந்து பார்த்துட்டுப் போனாங்கதானே? இவதான் மறுநாள் சொன்னா."

அவள் தலை குனிந்தது. கரண்டியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. போன வருடம் இரவு யாரும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். பத்து வயதுப் பிள்ளை, காலையில் எழுந்து, மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைத் தயார் செய்திருக்கிறாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் அம்மா முந்திக்கொண்டார்.

"ஆமாய்யா, வந்தேன். நீங்கல்லாம் நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தீங்க. நீ வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்த."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் கூச்சத்தோடு வாயைத் துடைத்துக்கொண்டான். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர்தான் கேட்டத் தொறந்து விட்டாங்க. இல்லையா டீச்சர்?"

வகுப்பில் பொய் சொன்னவனை நான் பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைப்பேன். இத்தனை வருடத்தில் யாரையும் விட்டதில்லை.

"ஆமா, நான்தான் தொறந்தேன். இப்ப என்ன அதுக்கு? போய் அடுப்பப் பாருங்க, சோறு தீயுது" என்று அதட்டினேன். எல்லாரும் ஓடிவிட்டார்கள்.

நான் கேட்டைத் திறந்தேன். அவர் உள்ளே வர மறுத்துவிட்டார். மற்றப் பிள்ளைகள் ஏங்கிப்போகும் என்றார். அவள் ஓடிப்போய், தன் குழு பொங்கிய சோற்றில் ஒரு தட்டும் நெத்திலிச் சம்பலும் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டார். சோறு அரைவேக்காடு, கடிபடும் சத்தம் எனக்கே கேட்டது. "நல்லா வெந்திருக்கு" என்று சொல்லி ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். போன வருடம் நான் பார்க்காமல் விட்ட முகம் அதுதான்.

மீகூன் சேமியாவைக் காலைப் பசியாறலுக்கு என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் வண்டியில் ஏறி எஞ்சினை முடுக்கினார். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, சத்தத்துக்கு மேல் சொன்னாள்:

"அடுத்த வருஷம் லீவு கேக்காதீங்கம்மா. நாங்க தூங்கினப்புறமே வாங்க."

அம்மா தலையாட்டிவிட்டு ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கீழே இழுத்துவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, வண்டி கிளம்ப வெகுநேரம் ஆனது.