மேபலுக்கு வந்த தந்தி

தன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் பெர்சி ப்ளண்டன் உள்ளே வருவார். பின்வாசலில் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் ஒட்டி நிறுத்தி, விரல் முட்டியால் இரண்டு தட்டு. அடுப்பின் முன் நிற்கும் வெர்னா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "உள்ள வா பெர்சி. வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருக்கார்," என்பார். கல்யாணமாகி இருபத்தோரு வருடமாக இதே பதில்தான். பெர்சியும் இருபத்தோரு வருடமாக இதற்குச் சிரிக்கிறார்.

சாப்பிட உட்கார்ந்தால் தட்டைச் சுற்றி ஒரு கையை வேலி போட்டுக்கொள்வார். உருளைக்கிழங்கும் உப்புக்கறியும் மூன்று நிமிடத்தில் காலி. ரொட்டியின் கடைசித் துண்டு மட்டும் வாய்க்குப் போகாமல் சட்டைப் பைக்குப் போய்விடும். துணி துவைக்கிற திங்கட்கிழமைகளில் அந்தத் தூளை உதறியபடி வெர்னா அலுத்துக்கொள்வார். "இந்த வீட்டுல எலிக்குக்கூட நாளைக்குச் சோறு கிடைக்குமான்னு இவ்வளவு பயம் கிடையாது."

ஆள் குள்ளம். ஒன்பது வயதில் லண்டனின் ஓர் அநாதை இல்லம் மரப்பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்துக் கனடாவுக்குப் பண்ணை வேலைக்குக் கப்பலேற்றியபோது எத்தனை உயரம் இருந்தாரோ, அதற்கு மேல் வளரவே இல்லை என்று பால்கட்டி ஆலையில் கேலி பேசுவார்கள். அதே ஆட்கள்தான், கன்று குறுக்கே திரும்பிப் பசு தவிக்கும்போது வண்டியை ஓட்டிக்கொண்டு இவரைத் தேடி வருவார்கள். ஒன்டாரியோவின் இந்தப் பக்கத்தில் இவ்வளவு சின்னக் கை வேறு எந்தப் பண்ணைக்காரருக்கும் இல்லை. சட்டையைக் கழற்றிப் போட்டு, கை முழுக்க சோப்பைத் தேய்த்து, தோள்வரை உள்ளே விட்டபடி, "அவசரம் இல்லடி தாயி. எனக்கும் இன்னிக்கு வேற வேலை கிடையாது," என்று பசுவிடம் பேசிக்கொண்டே இருப்பார். கன்று விழுந்தபின் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார். தன் பசுக்கள் தனியாக இருக்குமாம்.

அந்தப் பசுக்கள் பன்னிரண்டுக்கும் முழுப்பெயர் உண்டு. வெறும் டெய்சி என்று கூப்பிட்டால் மனிதருக்குப் பிடிக்காது. டெய்சி ஹாரிங்டன். பக்கத்துக் கட்டுத்தறியில் நிற்பது ரோஸ் பெல்லாமி. ஏன் இப்படி என்று கேட்டால், "ஒத்தப் பேரோட இருந்தா யாரும் தேடி வரமாட்டாங்க. பின்னாடி இன்னொரு பேரு வேணும்," என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் விளையாட்டு இருக்காது.

இந்தப் பழக்கம்தான் ஒரு காலத்தில் ஊரையே சிரிக்க வைத்தது. 1915இல் பெர்சி இதே பண்ணையில் கூலியாள். பண்ணை அப்போது மெக்கரோ கிழவருடையது. வெர்னா அவருடைய மகள். பதினொரு வருடம் ஒரே இடத்தில் இருந்தும் பெர்சிக்குச் சாப்பாடு பின்கட்டில், படுக்கை லாயத்துப் பரணில். இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் "வாளி எங்க?", "அங்க இருக்கு மிஸ்" என்ற அளவில்தான்.

படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெர்சி நடந்தே ஊருக்குள் போய்ப் பெயர் கொடுத்தார். யாரும் போகச் சொல்லவில்லை. ஏதாவது நேர்ந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுத்தர் கேட்டார். அம்மா எங்கே என்று தெரியாது. அப்பா யார் என்றே தெரியாது. "உனக்காகக் காத்துக்கிட்டு இருக்க ஒருத்தர்கூடவா கிடையாது?" என்றார் எழுத்தர். பெர்சி வெகுநேரம் யோசித்துவிட்டு, "மேபல் மெக்கரோ," என்றார். எழுத்தர் கண்ணடித்துவிட்டு, பக்கத்தில் 'தோழி' என்று எழுதிக்கொண்டார்.

மேபல், மெக்கரோ பண்ணையின் பழுப்பு நிறப் பெண்குதிரை. பெர்சி கேலிக்காகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் பெல்ஜியத்தில் ஒரு குண்டுச் சிதறல் அவர் தோளுக்குள் புகுந்தது. மிஸ் மேபல் மெக்கரோ என்ற பெயருக்குத் தந்தி வந்தது. "பயலுக்கு மூளை கலங்கிப்போச்சு," என்று அதை மேசையில் வீசிவிட்டுக் கிழவர் உழப் போய்விட்டார். வெர்னாவுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு தன் வீட்டில் பதினொரு வருடம் உழைத்தவருக்குச் சொல்ல ஒரு மனிதப் பெயர் கிடைக்கவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. தந்தியை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனார். யார் பெயருக்கு வந்ததோ அதன் முன்னால் நின்று உரக்கப் படித்தார். மேபல் பாட்டுக்கு ஓட்ஸ் தின்றுகொண்டிருந்தது. அன்றே வெர்னா ஒரு கடிதம் எழுதி, கீழே 'மேபல்' என்று கையெழுத்தும் போட்டு அனுப்பினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து மேபலுக்குப் பதில் வந்தது. லாடம் மாற்றினார்களா, புது ஆள் சாட்டையை ஓங்குகிறானா, ஓட்ஸ் அளவாவது குறையாமல் இருக்கிறதா என்று ஒரே விசாரிப்பு. காயம் ஆறி அவர் மறுபடி போர்முனைக்குப் போனபிறகும் குதிரைக்கும் சிப்பாய்க்கும் கடிதம் ஓயவில்லை. இடையில் ஒரு பிப்ரவரியில் மேபல் வயிற்றுவலி கண்டு செத்துப்போனது. வெர்னா அதை எழுதவில்லை. பதுங்குகுழியில் கிடப்பவரிடம், உனக்கென்று இருந்த ஒரே ஜீவனும் போய்விட்டது என்று எந்தக் கையால் எழுதுவது? ஆகவே மேபலே தொடர்ந்து எழுதியது.

போர் முடிந்து அவர் ரயிலிலிருந்து இறங்கிப் பையைக் கீழே வைப்பதற்குள் வெர்னா உண்மையைச் சொல்லிவிட்டார். பெர்சி தொப்பியைக் கழற்றினார். "தெரியும் மிஸ். போன வருஷம் பிப்ரவரியோட மேபல் ஓட்ஸைப் பத்தி எழுதறதை நிறுத்திடுச்சு. என் இருமலைப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்துச்சு," என்றார். அந்த வருடமே கல்யாணம். இன்றைக்கும் பால்கட்டி ஆலையில், "மேபல் சௌக்கியமா?" என்றுதான் விசாரிப்பார்கள். "அப்பப்ப உதைக்குது," என்பார் பெர்சி.

இந்தக் கோடையில், மறுபடி மூண்ட போரில் பிரான்ஸ் விழுந்த செய்தி ரேடியோவில் வந்ததிலிருந்து மனிதர் சரியாகத் தூங்கவில்லை. பழைய சிப்பாய்களைச் சேர்த்துக் காவற்படை அமைக்கிறார்கள் என்றதும் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தேவைப்பட்டால் கடல் கடந்தும் போக வேண்டும் என்று அதில் இருந்தது. மூன்று வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"நாப்பத்தஞ்சு வயசு. ஒரு தோள் மேல ஏறாது. உன்னை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?"

"பாலத்துக்குக் காவல் நிக்கத் தோள் எதுக்கு?"

"உன்னைப் பெட்டி கட்டி அனுப்பின ஊரு பெர்சி அந்த லண்டன். அதுக்காக ஒரு தடவை போய் அடிபட்டும் வந்தாச்சு. போதாதா?"

"அனுப்பினது யாரோ நாலு பேரு. எப்ப தலையில குண்டு விழுமோன்னு உட்கார்ந்திருக்கறது வேற ஆளுங்க வெர்னா. சின்னப் பிள்ளைங்க."

புல் அறுப்பு இருக்கிறதே என்பதுதான் வெர்னா வைத்திருந்த கடைசிக் காரணம். பக்கத்து ஊரிலிருந்து மகளும் மருமகனும் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அதையும் பிடுங்கிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பால் கறந்து முடித்துவந்து, பெர்சி சமையலறை மேசையில் படிவத்தை விரித்தார். வெர்னா எதிரே உட்கார்ந்து ஸ்ட்ராபெரிக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். பெயர், வயது, பழைய படைப்பிரிவு, பட்ட காயம் எல்லாவற்றையும் பேனா சரசரவென்று எழுதிக்கொண்டு போனது. தகவல் தெரிவிக்க வேண்டியவர் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

வெர்னா எட்டிப் பார்த்தார். "என்ன, இந்தத் தடவை டெய்சி ஹாரிங்டனா?"

பெர்சி சிரிக்கவில்லை. "போன தடவை சுலபமா இருந்துச்சு. மேபலுக்குப் படிக்கத் தெரியாது."

வெர்னாவின் கை நின்றது.

"உன் பேரை இங்க எழுதினா அந்தக் காகிதம் உன் கைக்குல்ல வரும். தந்திக்காரன் வேலியில சைக்கிளைச் சாய்க்கறதை இந்த ஜன்னல் வழியா நீ பாப்ப. ரெண்டு தடவை மையைத் தொட்டுட்டேன். எழுத வரல வெர்னா." அவர் மைப்புட்டியை மூடினார். "விடு. நான் போகல. இந்த வருஷப் புல்லை நானே அறுக்கறேன்."

மூன்று வாரமாக வெர்னா கேட்டது இதைத்தான். இப்போது வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், மனிதர் வீட்டில் இருப்பார். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் ரேடியோ முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பார். அதற்குக் காரணம் தன் பெயராக இருக்கும். வெர்னாவுக்கு அது பொறுக்கவில்லை. அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "போன தடவையும் எடுத்துப் படிச்சது நான்தான்," என்றார். "வந்தா இந்தத் தடவை என் பேருக்கே வரட்டும்."

மைப்புட்டியைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் பழகிய உருண்டை எழுத்தில் 'வெர்னா ப்ளண்டன்' என்று எழுதினார். பக்கத்தில் 'மனைவி' என்று எழுதினார். அதன்மேல் மையொற்றும் தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். மை காய்ந்து வெகுநேரம் ஆகியும் அந்தக் கையை எடுக்கவில்லை.