வேலியில்லாத எல்லையை விளக்கிய எங்கள் அக்கா

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களே, நண்பர்களே, கண்ணீரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அழுமூஞ்சிகளைக் கண்டால் அக்காவுக்கு ஆகவே ஆகாது.

அவர் பிறந்தது ஏரி நடுவிலுள்ள எங்கள் பசியாவரம் தீவில். எங்கள் அப்பா, நைனா, சீக்கிரமே போய்விட்டார். அம்மா ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடித்து எங்களை வளர்த்தார். அந்த இறால் காசில் படித்துத்தான் அக்கா முனைவர் பட்ட ஆய்வு வரை போனார். பழைய பாரசீகர்கள் தங்கள் மண்ணை ஒரே நாடாக நினைக்க ஜொராஸ்டிரிய சமயம் என்ன செய்தது என்பதே அவருடைய ஆய்வு. "நம்ம ஊரு பொண்ணுக்கு பாரசீகத்துல இன்னா வேலை?" என்று பெரியப்பா கேட்டார். ஊரே கேட்டது. அக்கா சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்வார்.

வாய்மொழித் தேர்வு நாளில் நாங்கள் வேன் பிடித்துப் போயிருந்தோம். அன்று தேறாவிட்டால் அத்தனை வருட உழைப்பும் வீண். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் லேசில் விடவில்லை. எல்லையை வகுப்பது ராஜாவின் படைதானே, இதில் சாமி எங்கே வந்தது என்று மடக்கினார்.

தங்கள் சாமி அகுரமஸ்தா தந்த ராஜ்யம் என்றே ராஜாக்கள் கல்லில் வெட்டினார்கள் என்றார் அக்கா. அலெக்சாண்டர் அந்த ராஜ்யத்தை முடித்த பிறகும், சாமி படைத்த நிலங்கள் இவை இவை என்று பூசாரிகள் ஓதிக்கொண்டே இருந்தார்கள். பல நூற்றாண்டு கழித்து வந்த சாசானிய ராஜாக்கள் அந்த நினைப்பின் மேல்தான் ஈரான் என்ற தங்கள் நாட்டை நிறுத்தினார்கள் என்று விளக்கினார். தேர்வாளர் தலையை ஆட்டவில்லை. அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மேடைத் தமிழ் பறந்துபோய் ஊர்ப் பேச்சு வந்தது.

"எங்க ஏரியில வேலி இல்ல சார். எந்த எடத்துல யாரு வலை போடணும்னு சாமி முன்னாடி சீட்டு எடுப்போம். அதுக்குப் பேரு பாடு. எந்தப் படையும் வந்து கோடு போடல. ஆனா எங்க எல்லை எங்களுக்குத் தெரியும்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இதை ஆய்வின் முன்னுரையில் எழுதச் சொல்லிப் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார். திரும்பி வரும்போது வழியெல்லாம் டீக்கடைகளில் நிறுத்தி, ஏதோ தானே எழுதியது போலப் பெரியப்பா பாரசீகக் கதை சொன்னார்.

பிறகு நோய் வந்தது. கடைசி வாரம்வரை கல்லூரியில் பாடம் நடத்தினார். எங்களால் தாங்க முடியவில்லை, அவர் தாங்கினார்.

மருத்துவமனையில் உடனிருந்தவர்களுக்கும், அம்மாவுக்குச் சோறு ஊட்டிய பெண்களுக்கும் எங்கள் நன்றி. அக்காவின் உடலைப் படகில் கொண்டுவந்த அன்று, தங்கள் பாடு விழுந்த இடத்தில் கட்டியிருந்த வலையை யாரும் கேட்காமலே தூக்கி வழிவிட்ட பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கைகூப்பி நன்றி. ராஜாவே வந்தாலும் எங்கள் ஏரியில் கட்டிய வலையை யாரும் எடுக்க மாட்டார்கள். என் அக்காவுக்கு எடுத்தார்கள்.