கிழிக்காத கடுதாசி

“எத்தனாவதோட நின்னுட்டே?” என்று ரத்தினசாமி என்னைக் கேட்டார். ஆறாவது என்றேன். எம்.ஏ. முடித்தவர் அல்லவா, சிரித்தார். கூட வந்த தாமோதரனும் சிரித்தார். அவர் சிரித்தால் இவரும் சிரிப்பார், அவ்வளவுதான் இவருக்குத் தெரியும்.

இது நடந்தது. 1934 சித்திரை, ஆம்பூர். நானே பார்த்தேன். பேயாவது பிசாசாவது என்று இளிக்கிறவர்கள் அந்த இரண்டு பேரோடு சேர்ந்து இளிக்கலாம்.

தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்து பேசுகிற இந்த எல்லைப் பக்கத்தில் படிக்காத ஜனங்கள் கடிதம் எப்படி எழுதுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்யப் பட்டணத்திலிருந்து வந்திருந்தார்கள். தோல் கிடங்கை ஒட்டி ஓர் அறை. வந்த நாளிலிருந்து மூக்கில் கைக்குட்டை. தெருவில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் படித்துச் சொல்வார்கள். பிறகு அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நகல் எழுதுவது நான். எதிர்வீட்டு பீபி புண்ணியத்தில் எனக்கு உருதுவும் வரும். மேதாவிகள் இருவருக்கும் தமிழ் ஒன்றுதான்.

ஒரு வகை மட்டும் அவர்களுக்குச் சிக்கவில்லை. சாவுக் கடுதாசி. எங்கள் தெருவில் அதை வாசலுக்கு வெளியே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுத் தலைமுழுகுவார்கள். கிழிக்கிறவரை செத்தவர் புறப்பட மாட்டார் என்பார்கள். ரத்தினசாமி இதை நோட்டில் குறித்து, ‘சுத்த அபத்தம்’ என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

செவ்வாய்க்கிழமை. அவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேசைக் கடிகாரத்தில் பகல் பன்னிரண்டு பத்து. வாசலில் ஓர் ஆள். பின்னால் வெயில். முகம் தெரியவில்லை.

“படிச்சாச்சா?”

கடுதாசி கொண்டுவந்தவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆண்களிடம் எனக்குப் பேச வராது. இல்லை என்று தலையை ஆட்டினேன். நிமிர்ந்தபோது யாரும் இல்லை.

வாசற்படி நனைந்திருந்தது. பாலாற்றிலேயே சொட்டுத் தண்ணீர் இல்லாத மாதம் அது…

புதன் காலை ரத்தினசாமி ஒரு கடுதாசியை நீட்டினார். எண் 41. பக்கத்து வீட்டு ஜெயம்மாள் அக்காவுக்கு வந்தது. அவள் புருஷன் வேலு, மைசூர் எல்லைக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தில் வேலை. சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்கு…

என் கை நின்றது. திங்கட்கிழமை அக்காவுக்கு இதைப் படித்துச் சொன்னவர் இவர்தான். வேலு சுகம், ஆடிக்கு வருவான் என்று சொன்னார். அக்கா அன்றைக்கே பூ வாங்கி வைத்துக்கொண்டாள்.

“சார்… அக்காவுக்கு…”

“சொன்னா கிழிச்சிடுவாங்க. நாங்க ஊருக்குப் போனப்புறம் சொல்லிக்கோ. எழுது.”

இவ்வளவுதான் அந்தப் படிப்பு. நானும் கோழை. எழுதி முடித்தேன்.

பன்னிரண்டுக்குத் தோல் கிடங்கில் சங்கு ஊதியது. அவர்கள் சாப்பிடப் போனார்கள்.

சொட்… சொட்…

தோல் நாற்றம் நின்றுவிட்டது. ஆம்பூரில் அது நிற்காது.

பன்னிரண்டு பத்து.

“ஜெயாவுக்குப் படிச்சாச்சா?”

காதுக்கருகில்.

தோளில் ஒரு துளி விழுந்தது.

கடுதாசியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்காவை வாசலுக்கு வெளியே நிறுத்தினேன். பிறந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. படித்தேன். கிழித்தேன். அக்கா தலையிலிருந்த பூவை மெதுவாக எடுத்தாள்.

“ரெண்டு நாளா வாசப்படி ஈரமா இருந்துச்சி பாப்பா. நாந்தான் சிந்திட்டேன்னு நெனச்சேன்.”

ரத்தினசாமி என்னைத் திட்டவில்லை. நகலைத் தூக்கிக் காட்டி, இது போதும் என்றார். சாயங்கால ரயிலில் இருவரும் போய்விட்டார்கள்.

நகல்…

அதையும் கிழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறு மாசியில் ரத்தினசாமி தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். எலும்பும் தோலுமாக. கைக்குட்டை இல்லை. நான் எழுதிய தாளை என் முன்னால் வைத்தார். ஊறிப் போயிருந்தது. கிழித்தேன். விரலில் மை ஒட்டியது.

“வேற நகல் ஏதாச்சும் இருக்கா சார்?”

அவருடைய ஆராய்ச்சி அதற்குள் புத்தகமாகியிருந்தது. எண் 41 அதில் முழுசாக இருந்தது. மிஷன் பள்ளி டீச்சர் பின்னால்தான் எனக்குச் சொன்னார். ஐந்நூறு பிரதி.

அன்று எனக்கு அது தெரியாது. பதிலுக்குக் காத்திருந்தேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. எழுந்து படியிறங்கிப் போனார். புழுதியில் அவருடைய செருப்புத் தடம்.

பக்கத்திலேயே, ஈரமாக, இன்னொன்று.