கட்டைவிரலில் மாட்டிய எலுமிச்சம்பழம்

என் கட்டைவிரல் நகக்கண் வீங்கியதைப் பார்த்த மனைவி, எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு எடுத்து வந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், "அதைத் தூரப் போடு!" என்று கத்திவிட்டேன்.

எண்பதுகளில், காரிமங்கலத்துப் பக்கம் எங்கள் வீட்டில் பங்குனி முழுக்கப் புளி தட்டுவோம். புளியின் ஓடு விரலில் குத்தி அக்காவுக்கு நகச்சுற்று வந்தது. அப்பா எலுமிச்சம்பழத்தை மாட்டிவிட்டு, தினமும் பழம் மாற்றும் வேலையை எனக்குக் கொடுத்தார். பழத்துக்குள் போன விரலை வேறு யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சீழ் கட்டியது, சிவப்பு மணிக்கட்டை நோக்கி ஏறியது.

"விண்ணு விண்ணுனு தெறிக்குதுடா. மடக்கவே முடியல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அப்பாகிட்ட நீ சொல்லுடா, எனக்குப் பயமா இருக்குது."

அவள் போனால் அவள் பங்குப் புளியும் என் தலையில் விழும். "சொல்லிட்டேன். பழமே போதுமாம்" என்றேன்.

காய்ச்சலில் அவள் பிதற்றிய பிறகுதான் தருமபுரிக்குப் பஸ் ஏறினோம். டாக்டர் கீறிச் சீழ் எடுத்தார்.

"செவப்பு ஏறுறப்பவே வந்திருக்கணுங்க. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"எங்கிட்ட யாருமே சொல்லலீங்க" என்றார் அப்பா.

அக்கா என்னைப் பார்த்தாள். விரல் பிழைத்தது; அதன்பின் மடங்கவில்லை.

இன்று அக்காவுக்குப் போன் செய்து, என் விரல் வீங்கியதைச் சொல்லி, அன்று பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

"அப்பவே தெரியும்டா. வுடு. மொதல்ல போயி உன் வெரலைக் காட்டு."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை திட்டித் தொலைத்தால்தான் என்ன இவளுக்கு?