ஓடாத லாரி

டைல்ஸ் கம்பெனி வாசலில் வண்டிப் பதிவேடு எழுதுகிறவளுக்குப் பத்தொன்பது வருடமாக ஒரே எரிச்சல். டைல்ஸை முழங்கால் உயரம் அடுக்கினாலே லாரிக்கு எடை சரி. அதற்குமேல் வெறும் காற்று. பக்கத்துத் தலையணைக் கம்பெனி லாரியோ கூரைவரை நிரம்பியும் கனமே இராது. இரண்டும் தினம் ஒரே ஊருக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

முதலாளியை நச்சரித்துத் தலையாட்ட வைத்தாள். பிறகு தலையணைக் கம்பெனி மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"காத்துக்கு எதுக்கு சார் டீசல்? எங்க டைல்ஸ் மேல உங்க தலகாணிய ஏத்திடலாமே!"

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளைத் தலகாணிம்மா. உங்க தூசியில போட்டா யாரு தல வைப்பா?"

அவளா விடுவாள்? அவரிடமே ஒரு தலையணையை வாங்கினாள். டைல்ஸ் பெட்டிகள்மேல் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் தலையணையைக் கட்டி, டிரைவர் பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டாள். போய்வர ஆறு மணி நேரம், இடுப்பு கழன்றுவிட்டது. திரும்பியதும் நேராக மேனேஜர் மேசையில் தலையணையை வைத்தாள். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பொட்டுத் தூசி இல்லை.

"சரிம்மா, நீ ஜெயிச்சிட்டே."

"அப்போ இத நானே வெச்சுக்கறேன் சார். முதுகுக்கு வேணும்."

மறுவாரம் அடியில் டைல்ஸ், மேலே அமுக்கி அடுக்கிய தலையணைகள் என்று இரண்டு சரக்கும் கூரை உயரமான தலையணைக் கம்பெனி லாரியிலேயே கிளம்பின. டைல்ஸ் லாரி வாசலில் நின்றது. ஓடாத வண்டிக்குப் பதிவேட்டில் காரணம் எழுதியாக வேண்டும். இத்தனை வருடமும் 'பழுது' என்றோ 'டிரைவர் லீவு' என்றோதான் எழுதியிருந்தாள். அன்று நிதானமாக, கொட்டை எழுத்தில் எழுதினாள்:

'தேவைப்படவில்லை.'