பதினொரு டைரி, ஒரே பச்சை மை

1. வராந்தாவில் ஒரு வரிசை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் விருத்தாசலத்தில் ஒரு நர்சரிப் பள்ளியின் கே.ஜி. பிரிவுக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு மூக்குத் துடைத்துவிடும் பிரிவுக்கு வந்ததில் எனக்குக் குறையில்லை. அங்கே நடைமுறை என்று எதுவும் இல்லாததுதான் குறை. அதை நானே உண்டாக்கினேன்.

குழந்தைக்கு ஒரு டைரி. இன்று என்ன பாட்டு, நாளை என்ன விழா, பிள்ளை எப்படி இருக்கிறது எல்லாம் அதில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவோம். பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்ப வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் பிரேயர் முடியும்வரை பிள்ளை வராந்தாவில் நிற்கும். டைரியில் மூன்று முறை அழைத்தும் வராத பெற்றோரின் பிள்ளைக்கு டி.சி. இந்த விதிகளை எழுதியவள் நான். அதில் உள்ள கமாகூட என்னுடையது.

கையெழுத்து ரிஜிஸ்டரில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. கரஸ்பாண்டன்டிடம் அதை அடிக்கடி காட்டுவேன். அவர் பார்க்காமலே பாராட்டுவார்.

ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை பதினொரு பிள்ளைகள் வராந்தாவில் நின்றார்கள். ஒரே நாளில் அத்தனை பேர் நின்றது அதுவே முதல் முறை. பதினொருவரும் ஏழுமலையின் ஆட்டோவில் வருகிறவர்கள். மைத்துனன் கல்யாணத்துக்காக ஏழுமலை வேப்பூர் போயிருந்தார், அன்றைக்கு மட்டும் வேறு ஆட்டோ.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். பதினொரு டைரியிலும் ஜூன் மாதத்திலிருந்து ஒரே பச்சை மை, ஒரே சுழி. அரசாங்கத்தில் பச்சை மை கெஜட்டட் ஆபீசர் போடுவது. எங்கள் பள்ளியில் ஆட்டோ டிரைவர் போட்டிருக்கிறார். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டுமே பார்த்தவளுக்கு மையின் நிறம் தெரியவில்லை.

2. ஏழுமலையின் வாக்குமூலம்

புதன்கிழமை காலை அவரை அழைத்தேன். பச்சைப் பேனா சட்டைப்பையிலேயே இருந்தது.

"ஏம்ப்பா ஏழுமலை, இது யாரு கையெழுத்து?"

"நம்முளுதுதாங்க மிஸ்."

"பெத்தவங்க போட வேண்டியத நீ எதுக்குப் போட்ட?"

"அவங்கள்லாம் பொம்மைக் கம்பெனில வேலை செய்யிறவங்க மிஸ். புள்ளைங்கள அங்கதான் எறக்கி வுடுறேன். கையெல்லாம் மண்ணு. மண்ணுக் கையோட டைரியத் தொட்டா அழுக்காயிடும். அழுக்காக்காதன்னு நீங்கதான மொத வாரமே புள்ளைங்ககிட்ட சொல்லி வுட்டீங்க? கையெழுத்து இல்லன்னா வெளிய நிக்க வெக்கிறீங்க. நீங்களே போட்டுடுங்கண்ணான்னாங்க. போட்டேன்."

"என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சாவது சொல்லக் கூடாதா?"

அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "நல்லா இருக்குது மிஸ்! அடுத்தவங்களுக்கு வந்த லெட்டர நான் படிக்கலாங்களா? அதெல்லாம் தப்புங்க."

கையெழுத்துப் போடுவது தப்பில்லை, படிப்பதுதான் தப்பு. நான் எழுதிய விதிகளைவிட அவருடைய விதி தெளிவாக இருந்தது.

பெரிய விஷயம் வேறு. பதினொன்றில் ஒன்று எல்.கே.ஜி. திவ்யாவின் டைரி. அந்தப் பிள்ளை வருடம் முழுக்க வகுப்பில் வாய் திறக்கவில்லை. வகுப்பாசிரியை ஸ்டெல்லா மிஸ் "பேசுவதில்லை, பெற்றோர் வந்து பார்க்கவும்" என்று மூன்று முறை எழுதியிருந்தார். மூன்று கையெழுத்து வந்தது, ஆள் வரவில்லை. அலட்சியமான பெற்றோர் என்று முடிவுகட்டி டி.சி. பட்டியலில் திவ்யாவின் பெயரை என் கையால் எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை கரஸ்பாண்டன்ட் அதில் கையெழுத்துப் போடுவார்.

"சாயங்காலம் நானும் ஆட்டோல வரேன்" என்றேன்.

"எடம் இருக்காதுங்களே."

"நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

3. பலகை மேல் ஒரு வகுப்பு

பன்னிரண்டாவது ஆளாக, மடியில் இரண்டு பிள்ளைகளோடு பொம்மைக் கம்பெனியில் போய் இறங்கினேன். ஷெட்டுக்குள் பெண்கள் அச்சைப் பிரித்து ஈரப் பொம்மைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். திவ்யாவின் அம்மா செல்வி ஸ்பாஞ்சால் ஒரு பிள்ளையாரின் முதுகில் அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்துக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பயந்துபோய் எழுந்தார்.

"மிஸ், நீங்க எதுக்கு இங்கல்லாம்... பாப்பா எதனாச்சும் பண்ணிட்டாளா?"

"ஒண்ணும் பண்ணல. அதுதான் பிரச்சனை. ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறா. மூணு தடவை எழுதி அனுப்பினோமே?"

"பேச மாட்டேங்குறாளா?" செல்வி ஷெட்டின் மூலையைக் கையால் காட்டினார். "செத்த அங்க கேளுங்க மிஸ்."

மூலையில் சுடாத பிள்ளையார்கள் பலகை மேல் நாலு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எதிரே குச்சியோடு திவ்யா. பிரேயர் முழுவதும் சொன்னாள். அந்த வருடத்துப் பாட்டுகள் அத்தனையும் வந்தன. "லாஸ்ட் ரோ, வாயத் தொறங்க!" என்றபோது அது அப்படியே ஸ்டெல்லா மிஸ்ஸின் குரல். பிறகு இடுப்பில் கைவைத்து, என்னைப் போலவே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுகிற பாவனையில், "டைரில சைன் எங்க? வெளிய நில்லு!" என்றாள்.

பலகைக்கு வெளியே, தரையில், ஒரு பிள்ளையார் தனியாக நின்றிருந்தார்.

"அது சைன் வாங்கியாரலீங்க. டெய்லி ஒண்ண நிக்க வெப்பா" என்றார் செல்வி. அவர் எந்த உள்நோக்கத்தோடும் சொல்லவில்லை. "மொத வாரம் இவள நிக்க வெச்சீங்களாம் மிஸ். ஸ்கூல்ல வாயத் தொறந்தா மறுபடியும் நிக்க வெப்பாங்கன்னு சொன்னா. ஸ்கூலுன்னா அப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

"டைரில எழுதினதை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?"

"கையெழுத்து கேக்குறீங்கன்னுதான் நெனச்சேங்க. சேதி இருக்கும்னு தோணல."

ஏழுமலை ஆட்டோ கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

4. விதி பொருந்தாது

வெள்ளிக்கிழமை திவ்யாவின் பெயரை அடித்துவிட்டதைச் சொல்லிப் பட்டியலை நீட்டினேன்.

"ரூல் நீங்க எழுதுனதுதானம்மா?" என்றார் கரஸ்பாண்டன்ட்.

"ஆமா சார். மூணு அழைப்பு பெற்றோருக்குப் போய்ச் சேரணும். ஒண்ணுகூடச் சேரல. அதனால ரூல் பொருந்தாது."

"கையெழுத்து இருக்குதே?"

"அது ஆட்டோ டிரைவர் போட்டது சார்."

"அப்ப டி.சி.ய அவருக்குக் குடுங்க" என்று சிரித்துப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். அதையும் படிக்காமல்தான் போட்டார். அன்று அதற்காக அவருக்கு நன்றி சொன்னேன்.

ஜூனில் நடைமுறையை மாற்றினேன். டைரியில் இரண்டே வரி, தமிழில். "இன்று வட்டம் வரைந்தோம். வீட்டில் வட்டமாக என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள்." அதை ஏழுமலை கம்பெனி வாசலில் சத்தமாகப் படிப்பார். லெட்டர் படிக்கலாம் என்று நான் எழுத்துமூலம் அனுமதி கொடுத்த பிறகுதான் படித்தார். பெற்றோர் கூட்டத்தை, பொம்மைச் சூளையில் வேலை இல்லாத நாள் எது என்று கேட்டு வைத்தோம். வராந்தா காலியானது.

நான் எதிர்பார்க்காதது, சேதி திரும்பி வந்ததுதான். "தங்கச்சி பொறந்திருக்குதாம் மிஸ், அதான் அவன் எல்லாரையும் கடிக்கிறானாம்." "நேத்து வூட்டுல தோசைக்கல்லு, வளையலு, நெலான்னு இருவது வட்டம் சொன்னாளாம்." காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு இப்படி ஒவ்வொன்றாக ஒப்பிப்பார். பி.எட்.டில் குழந்தை உளவியல் ஒரு முழுத் தாள் எழுதியவள் நான். அந்தத் தாளைவிட ஏழுமலையிடம் கற்றது அதிகம்.

புதிதாகச் சேரும் மிஸ்களுக்கு ஒன்று சொல்வேன். கையெழுத்து, தாள் எங்கோ போய்வந்ததற்குச் சாட்சி. சேதி சேர்ந்ததா என்று தெரிய, பதில் வந்ததா என்று பாருங்கள்.

யு.கே.ஜி. தொடங்கியபோது செல்வி, தும்பிக்கை உடைந்து கழித்துப்போட்ட பிள்ளையார் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பிள்ளைகளோடு தானும் யு.கே.ஜி.க்கு வந்திருந்த ஸ்டெல்லா மிஸ் அதைத் திவ்யாவின் பக்கத்தில் வைத்தார். திவ்யா முதலில் பிள்ளையாரிடம் பேசினாள். பிறகு பக்கத்துப் பெண்ணிடம். ஆகஸ்டில் ஒருநாள் நான் அந்த வகுப்பு வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மிஸ், ஒங்க டைரில சைன் இருக்குதா?"

"இல்லையேம்மா" என்றேன்.

பிள்ளையாரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"பரவால்ல, உள்ள வாங்க."